தளத்துக்குக் காங்கிரீட்: கைக்கலவையா, மெஷினா, ரெடிமிக்ஸா?

இம்மாதப் பாடம்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் பணம் எங்கே போனது என்றே தெரியாது. நாம் வாரம் தவறாமல் கட்டிய சேமிப்பு, குழுவில் வாங்கிய கடன், நகையை வைத்த பணம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கட்டடம் எழும்புகிறது. சுவர் கோணலாகிப் போனால் இடித்துக் கட்டலாம். பூச்சு சரியில்லை என்றால் கொத்திவிட்டுத் திரும்பப் பூசலாம். மேல்தளம் மட்டும் ஒரே நாளில் போட்டு முடிக்கிற வேலை. அன்றைக்குக் கோட்டை விட்டால் மழைக்கு ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும், பிள்ளைகள் தலைமேல் காரை விழும். கடன் தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

நம்மில் பலர் சித்தாள் வேலை பார்த்தவர்கள். காங்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றியவர்கள். ஆனால் காங்கிரீட் எங்கே கலப்பது, யாரிடம் வாங்குவது என்று பேசும் இடத்தில் நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவார்" என்று விட்டுவிடுகிறோம். இப்போது கூட்டமைப்புக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்று பல இடங்களில் பேச்சு நடக்கிறது. வீடு கட்டும் உறுப்பினர்களும் நிறைய. பணம் நம்முடையது என்றால் முடிவும் நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்களை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. காங்கிரீட்டுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது?

சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் இந்த நான்கும்தான் காங்கிரீட். தண்ணீர் பட்டவுடன் சிமெண்ட் இறுக ஆரம்பிக்கும். இறுகி, மணலையும் ஜல்லியையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுத் தளத்துக்குக் குறைந்தது எம் 20 என்ற தரம் வேண்டும். 15 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு காங்கிரீட் கட்டியை 28 நாள் கழித்து மெஷினில் வைத்து அழுத்தினால் ஏறக்குறைய 45 டன் எடையைத் தாங்க வேண்டும். அதுதான் எம் 20. கட்டுமான இடத்தில் அளந்து கலக்கும்போது 1 பங்கு சிமெண்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்பது இதன் கணக்கு.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மாவு நீர்த்துப் போனால் இட்லி தட்டையாகும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நின்றுவிடும். அந்தத் துளை வழியாகத்தான் மழைத்தண்ணீர் கம்பிக்குப் போகிறது. கம்பி போட்ட காங்கிரீட்டில் தண்ணீரின் எடை, சிமெண்ட் எடையில் 0.55 பங்கைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456) சொல்கிறது. 50 கிலோ மூட்டைக்கு இது 27½ லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதிலுள்ள தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும்.

2. முதலில் அளவு தெரிய வேண்டும்

எவ்வளவு காங்கிரீட் வேண்டும் என்று தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது. கணக்கு கஷ்டமில்லை. நீளம் × அகலம் × கனம். மூன்றும் அடியில் இருந்தால் விடை கன அடி. 35.3 கன அடி சேர்ந்தால் 1 கன மீட்டர். ரெடிமிக்ஸ்காரர்கள் கன மீட்டரில்தான் விலை சொல்வார்கள்.

முதல் உதாரணம், வீடு: 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் என்று விதித்திருந்தார்கள். அந்த 300 சதுர அடியை எடுத்துக்கொள்வோம். தளத்தின் கனம் 4 அங்குலம் என்றால் 100 கன அடி வருகிறது. சேதாரம் எல்லாம் சேர்த்துச் சுமார் 3 கன மீட்டர்.

இரண்டாவது உதாரணம், கூட்டமைப்புக் கட்டடம்: 1200 சதுர அடி, 5 அங்குல கனம் என்று வைத்தால் 500 கன அடி. பீம்களையும் சேர்த்து 18 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

நம் கட்டடத்தின் கனமும் பீம் அளவும் பொறியாளர் கொடுத்த வரைபடத்தில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

1 கன மீட்டர் எம் 20 காங்கிரீட்டை நாமே கலப்பதற்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட், 15 கன அடி மணல், 30 கன அடி ஜல்லி வேண்டும். அப்படியானால் வீட்டுக்கு 24 மூட்டை, கூட்டமைப்புக் கட்டடத்துக்கு 144 மூட்டை. இந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

3. மூன்று வழிகள்

கைக்கலவை: தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டுவது. ஒரு இடத்தில் சிமெண்ட் கூடும், ஒரு இடத்தில் குறையும். அதனால்தான் கையால் கலந்தால் 10 சதவீதம் சிமெண்ட் அதிகம் போடச் சொல்வார்கள். அடுப்பு மேடை, சிலாப், சின்ன ஒட்டு வேலைக்குச் சரி. மேல்தளத்துக்குக் கைக்கலவை வேண்டாம்.

மிக்சர் மெஷின்: நாம் மில்லர் மெஷின் என்று சொல்வது. வாடகைக்குக் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் போடும் மெஷின்தான் நம் பக்கம் அதிகம். எல்லாப் பொருளும் உள்ளே போன பிறகு குறைந்தது 2 நிமிடமாவது சுற்ற வேண்டும். கொட்டுவது, அள்ளுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 12 சுற்று என்று வைத்தால் வீட்டுத் தளம் 2 மணி நேரத்தில் முடியும். கூட்டமைப்புக் கட்டடத்தின் 144 மூட்டைக்கு ஒரே மெஷின் என்றால் 12 மணி நேரம் ஆகும். விடிகாலையில் ஆரம்பித்தாலும் இருட்டிவிடும். நடுவில் மெஷின் நின்றால் போட்ட பகுதி இறுகிவிடும். பிறகு புதிதாகப் போடுவது அதோடு ஒட்டாது. அந்த இணைப்பு வழியாகத்தான் பின்னால் ஒழுகும்.

ரெடிமிக்ஸ்: கலவை ஆலையில் சிமெண்டையும் மணலையும் ஜல்லியையும் எடை போட்டு, தண்ணீரையும் அளந்து கலந்து, சுற்றும் டிரம் உள்ள லாரியில் அனுப்புவார்கள். சிமெண்ட் எடையில் 2 சதவீதமும் மணல், ஜல்லி, தண்ணீரில் 3 சதவீதமும்தான் முன்னே பின்னே இருக்கலாம் என்பது விதி. சட்டிக் கணக்கில் இவ்வளவு துல்லியம் வராது. குறைந்த தண்ணீரிலேயே இளகி ஓடுவதற்கு ஒரு திரவ மருந்தும் சேர்ப்பார்கள். ஒரு லாரியில் பெரும்பாலும் 6 கன மீட்டர் வரும். கூட்டமைப்புக் கட்டடத்துக்கு 3 லாரி. பம்ப் வைத்தால் அரை நாளில் முடிந்துவிடும்.

4. நமக்கு எது?

"ரெடிமிக்ஸ்தான் நல்லதுன்னா எல்லாருமே அதையே வாங்கலாமே?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூன்று விஷயங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அளவு: வீட்டுக்கு வேண்டியது 3 கன மீட்டர். அது அரை லாரி. பல ஆலைகளில் குறைந்த அளவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பம்ப் வாடகை 3 கன மீட்டருக்கும் 18 கன மீட்டருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் தனி வீட்டுக்கு மெஷின் கலவையை அளந்து போடுவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுத் தளம் ஒரே நாளில் தயாராக இருந்தால் ஒரு லாரியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வீட்டிலும் சென்ட்ரிங்கும் கம்பியும் முழுதாக முடிந்திருக்க வேண்டும். ஒரு வீடு தயாரில்லை என்றால் லாரி காத்திருக்காது.

நேரம்: ரெடிமிக்ஸ் காங்கிரீட்டை லாரியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்று ஐ.எஸ். 4926 சொல்கிறது. தாமதமாக இறுகுவதற்கு மருந்து சேர்த்திருந்தால் நேரம் மாறும். அதைப் பொறியாளர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆலை எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டால் போதாது. ரயில்வே கேட், சந்தை நாள் நெரிசல், பள்ளி விடும் நேரம் எல்லாம் நடுவில் வரும். காங்கிரீட் போடப் போகும் அதே நேரத்தில் ஒருநாள் அந்தப் பாதையில் போய்ப் பார்த்துவிடுங்கள். பயணமே 1 மணி நேரத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். இறக்குவதற்கும் நேரம் வேண்டுமே.

பாதை: 6 கன மீட்டர் காங்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். லாரி எடையும் சேர்ந்தால் 25 டன்னைத் தாண்டும். நம் ஊர் வாய்க்கால் பாலம் தாங்குமா? தெருவில் லாரி திரும்ப முடியுமா? மின்கம்பி தாழ்வாக இருக்கிறதா? பம்ப் வண்டி எங்கே நிற்கும்? இதை ஊரில் இருக்கும் நம்மைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

சுருக்கமாகச் சொன்னால், வேலை சிறியது, ஆலை தூரம், பாதை குறுகல் என்றால் மெஷின் கலவை. வேலை பெரியது, ஆலை பக்கம், பாதை சரி என்றால் ரெடிமிக்ஸ். வேலை பெரியது ஆனால் ஆலை தூரம் என்றால் இரண்டு மெஷின் வைத்து, கூடுதலாக ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு செய்யலாம். அல்லது வேலையை எந்த இடத்தில் நிறுத்தி மறுநாள் தொடரலாம் என்று பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

5. ஆலையைப் பார்க்கப் போகும்போது

ரெடிமிக்ஸ் என்று முடிவானால் குறைந்தது இரண்டு ஆலைகளை நேரில் பாருங்கள். பொறியாளரோடு கட்டடக் குழுவிலிருந்து மூன்று பேராவது போக வேண்டும். பால் சொசைட்டியில் அளவையும், ரேஷன் கடையில் தராசையும் கவனித்துப் பழகியவர்கள் நாம். அதே கண்ணோடு பார்த்தால் போதும்.

- எடை மெஷின்களைச் சோதித்து முத்திரையிட்ட சான்றிதழ் இருக்கிறதா? தேதி முடிந்துவிட்டதா?
- ஜல்லியை அளவு வாரியாகத் தனித்தனியே வைத்திருக்கிறார்களா? மண்ணும் தூசும் கலந்து கிடக்கிறதா?
- மழை பெய்து மணல் நனைந்தால் தண்ணீரை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்.
- சோதனைக் கட்டிகளை ஊறப்போடும் தொட்டியும், அழுத்திப் பார்க்கும் மெஷினும் இருக்கிறதா? எம் 20-க்கு வந்த 28 நாள் முடிவுகளைக் காட்டச் சொல்லுங்கள்.
- கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? லாரி பழுதானால் வேறு லாரி உண்டா?
- ஐ.எஸ். 4926 தரப்படி நடப்பதற்குச் சான்றிதழ் இருந்தால் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.
- அவர்கள் காங்கிரீட் கொடுத்த ஒரு கட்டடத்தை, முடிந்தால் ஒரு மழைக்காலம் கண்ட கட்டடத்தை, போய்ப் பாருங்கள்.

6. விலைப்புள்ளியை எப்படி ஒப்பிடுவது?

"அவங்க கன மீட்டருக்கு இருநூறு ரூபா கம்மி" என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எழுத்தில் வாங்க வேண்டியவை இவை:

- எந்தத் தரம்? எம் 20 என்று எழுதியிருக்க வேண்டும்.
- ஒரு கன மீட்டரில் சிமெண்ட் எத்தனை கிலோ, நிலக்கரிச் சாம்பல் எத்தனை கிலோ? சாம்பல் சேர்ப்பது ஏமாற்று வேலை இல்லை. விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து 300 கிலோவுக்குக் குறையக் கூடாது.
- ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா, சேர்க்காத விலையா?
- பம்ப் வாடகை, குறைந்த லோடு கட்டணம், லாரி காத்திருந்தால் ஆகும் கட்டணம் எவ்வளவு?
- சோதனைக் கட்டிகளுக்கு யார் செலவு?

மெஷின் கலவைக்கும் இப்படியே முழுக் கணக்கு எழுதுங்கள். சிமெண்ட், மணல், ஜல்லி, மெஷின் வாடகை, டீசல், ஆள் கூலி, சாப்பாடு, டீ எல்லாவற்றையும் கூட்டி, கன மீட்டர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு என்ன விலை என்று வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். ஒரு சிறு பகுதியை 28 நாள் சோதனை முடிவு வரும் வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பில் கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும். பணம் வங்கிக் கணக்கு மூலமாகப் போகட்டும். விலைப்புள்ளிகளைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.

7. காங்கிரீட் போடும் நாளில் நம் வேலை

எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பது என்றால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்.

சலான் பார்ப்பவர்: லாரி வந்ததும் சலானை வாங்கி, தரம், அளவு, ஏற்றிய நேரம் மூன்றையும் படிக்க வேண்டும். இறக்கி முடித்த நேரத்தை அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அளவில் சந்தேகம் இருந்தால் வழியிலுள்ள எடை மேடையில் எடை போடலாம். ஏற்றிய லாரி எடையில் காலி லாரி எடையைக் கழித்து 2400 கிலோவால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கன மீட்டர் என்று தெரியும். 6 கன மீட்டர் என்றால் 14,400 கிலோ அளவில் இருக்க வேண்டும்.

தண்ணீர் பார்ப்பவர்: இவர்தான் முக்கியம். "கொஞ்சம் தண்ணி விடும்மா, ஓடட்டும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். லாரி டிரம்மில் ஒரு குடம்கூட ஊற்றக் கூடாது. இறுகலாக இருக்கிறது என்றால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். நேரம் கடந்து இறுகிவிட்டது என்றால் லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை நமக்கு உண்டு. மெஷின் கலவை என்றால் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று முதல்நாளே அளந்து, ஒரு மூட்டைக்கு எத்தனை குடம் என்று முடிவு செய்யுங்கள். பாதிக் குடத்துக்குக் கோடு போட்டு வையுங்கள்.

அளவு பார்ப்பவர்: மெஷின் கலவையில் மணலுக்கும் ஜல்லிக்கும் சட்டிக் கணக்கு வேண்டாம். ஒரு மூட்டை சிமெண்ட் கொள்ளும் 1¼ கன அடிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. ஈர மணல் பெருத்துக் காட்டும். அதற்கு எவ்வளவு கூட்டுவது என்று பொறியாளரிடம் கேளுங்கள். காலி மூட்டைகளை எண்ணி வையுங்கள். 24 மூட்டை போக வேண்டிய தளத்தில் 18 காலி மூட்டைதான் இருந்தால், மீதி எங்கே என்று கேட்கலாம்.

கட்டி எடுப்பவர்: வீட்டுக்கு ஒரு மாதிரி, 18 கன மீட்டர் வேலைக்கு மூன்று மாதிரி எடுக்க வேண்டும். ஒரு மாதிரி என்றால் மூன்று கட்டிகள். கட்டியின் மேல் தேதியை நம் கையால் எழுத வேண்டும். ஆலையில் சோதிப்பதோடு நிற்காமல், அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற வெளி ஆய்வகத்திலும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்துவிட்டு, தளத்துக்குத் தண்ணீர் கட்டாமல் விட்டால் எல்லாம் வீண். பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரை எண்ணி ஊற்ற வேண்டும். இறுகிய பிறகு தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

8. சித்தாள் வேலை போய்விடாதா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பம்ப் வந்தால் தளம் போடும் நாளில் சட்டி தூக்கும் வேலை இல்லை. அந்தக் கூலியை நம்பி அடுப்பெரியும் வீடுகள் நம் குழுக்களிலேயே இருக்கின்றன. அந்தச் சகோதரிகளையும் உட்கார வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ரெடிமிக்ஸ் வந்தாலும் பரப்புவது, மட்டம் பார்ப்பது, வைப்ரேட்டர் பிடிப்பது, 10 நாள் தண்ணீர் கட்டுவது என்று வேலைகள் உண்டு. கட்டி எடுப்பது, சலான் பார்ப்பது போன்ற பொறுப்புகளுக்கும் கூலி வைத்து அவர்களையே போடலாம். காங்கிரீட்டின் பக்குவம் அவர்கள் கைக்குத் தெரியும். சிமெண்ட் கலவை பட்டுக் கை கால் வெந்து போவதும் அவர்களுக்குத்தான் தெரியும். எந்த வழியானாலும் கையுறையும் பூட்ஸும் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமான வேலை பார்க்கும் உறுப்பினர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்று ஊக்குநர்கள் கேட்டுப் பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் இந்த ஆண்டு தளம் போடப் போகிறவர்கள் யார்? அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.
2. பக்கத்தில் உள்ள ரெடிமிக்ஸ் ஆலையிலிருந்து நம் ஊருக்கு லாரி வர எவ்வளவு நேரமாகும்? எந்த இடத்தில் தடைபடும்?
3. நம் வீட்டுக் குடம் எத்தனை லிட்டர்? ஒரு மூட்டைக்கு எத்தனை குடம் வரை ஊற்றலாம்?
4. கட்டடக் குழுவில் சித்தாள் வேலை தெரிந்த சகோதரி ஒருவராவது இருக்கிறாரா? இல்லை என்றால் அடுத்த கூட்டத்திலேயே சேர்த்துத் தீர்மானம் எழுதுங்கள்.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள். உங்கள் ஊர் விலை விவரங்களையும் முழுக் கணக்கையும் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்பிவையுங்கள். பக்கத்து ஊர்ச் சகோதரிகளுக்கு அது பயன்படும்.